மாடி பஸ்ஸின் படிகள்

லண்டன் பஸ் ஊழியர்களின் கால்சட்டை இடுப்பளவை ஆராய்ந்து 1956இல் ‘லான்செட்’ இதழில் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து, பஸ் ஏறினால் என் கண் ஜன்னலுக்கு வெளியே போவதில்லை. கண்டக்டர் எப்போது எழுந்தார், எங்கே சாய்ந்து நின்றார், யாரிடம் குனிந்தார் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன்.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருந்தவர் ஜெர்ரி மோரிஸ். லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்த மருத்துவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. செய்யும் வேலைக்கும் வரும் நோய்க்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா என்று மோரிஸ் தேடினார். லண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த சுமார் 31,000 ஆண்களின் 1949, 1950ஆம் ஆண்டு விவரங்கள் அவருக்குக் கிடைத்தன. ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஒரே புகை. டிரைவர் ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார், நாளொன்றுக்கு 500லிருந்து 750 படிகள் வரை. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது. வந்த வேகத்தில் உயிரைப் பறிப்பதும் குறைந்திருந்தது. தபால் துறையிலும் அப்படித்தான்: நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்தவர்கள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 1953இல் இதையெல்லாம் அவர் வெளியிட்டார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட அவருக்குப் பெயர் கிடைத்திருக்கும். மோரிஸுக்கு ஒரு சந்தேகம். டிரைவர் வேலைக்கு வருகிறவர்கள் வரும்போதே கொஞ்சம் பருமனாக இருந்திருந்தால்? நிறுவனம் எல்லோருக்கும் சீருடை தைத்துக் கொடுத்ததால் அளவுக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. எடுத்துப் பார்த்தார். எந்த வயதை எடுத்தாலும் டிரைவரின் இடுப்புதான் பெரிது, இளம் வயதிலேயே. ஆக, வித்தியாசத்தில் ஒரு பங்கை அந்த ஆட்களே வேலைக்கு வரும்போது கொண்டுவந்திருக்கலாம். தன் முடிவைப் பலவீனப்படுத்தக்கூடிய இந்தத் தகவலைத் தானே தேடிப் போய் எடுத்து அச்சில் போட்டாரே, அதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தனியார் பஸ்ஸில் கல்லூரிக்குப் போன நாட்களில் பார்த்த ஒரு கண்டக்டர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். ஒல்லியான உடம்பு. இடது கை விரல் இடுக்குகளில் நீளவாக்கில் மடித்த ரூபாய் நோட்டுகள், பத்து ஒரு இடுக்கு, ஐந்து ஒரு இடுக்கு. காதில் பேனா. தோளில் தோல் பை. டிக்கெட் கட்டைக் கட்டை விரலால் புரட்டிக் கிழிக்கும்போது இடுப்பை சீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொள்வார். வளைவில் பஸ் சாய்ந்தாலும் அவர் சாயமாட்டார். முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் போவார், அடுத்த நிறுத்தம் வந்துவிடும், மறுபடி முன்னாலிருந்து தொடங்குவார். விடிகாலை நடையில் டாப்பில் ஏற்றுவதற்கு வாழைத்தாரும் இலைக்கட்டும் காத்திருக்கும். பஸ்ஸின் பின்பக்க இரும்பு ஏணியில் அவரே ஏறுவார். கீழேயிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலே குனிந்து வாங்கி அடுக்குவார். கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார். இறங்கும்போது கடைசி இரண்டு படிகளை விட்டுவிட்டுக் குதிப்பார். அதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்தியிருப்பார். பஸ்ஸின் பக்கத் தகரத்தில் தட்டிக்கொண்டே ஓடி வந்து தொற்றிக்கொண்டு, மூச்சு வாங்காமல், “கும்பகோணம் யாரு, கையைத் தூக்குங்க” என்பார்.

அவரிடம் யாராவது போய் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். அவருக்கு அது பிழைப்பு. தேக நலம் என்று தனியாக ஒன்றை அவர் நினைக்கவே இல்லை. நாள் முழுக்க அது அவர் காலடியில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிழைப்பில் வேறு விஷயங்களும் இருந்தன. மாலையில் கடைசி நடை முடிந்து படியில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டும்போது, கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. பசித்தால் டீ, அதற்குமேல் ஒரு பீடி. உழைக்கிறவனுக்கு நோயே வராது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருப்பதற்கு அந்தக் கால்களும் ஒரு காரணம்.

மோரிஸ் அடுத்து, படி ஏற வழியே இல்லாத மேஜை உத்தியோகஸ்தர்களைப் பிடித்தார். பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் 16,882 பேர். ஒரு திங்கட்கிழமை காலை, முன்கூட்டிச் சொல்லாமல், போன வெள்ளியும் சனியும் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார். தோட்டம் கொத்தினேன், நீந்தினேன், வேகமாக நடந்தேன், சும்மா இருந்தேன் என்று அவரவர் எழுதினார்கள். 1973இல் வந்த முடிவு: ஓய்வு நேரத்தில் உடம்பை மும்முரமாக வருத்தியவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து, மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மோரிஸும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் ஓடுகிறவர்தான். 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

நம்மூரில் இந்தப் பேச்சு சர்க்கரையில்தான் வந்து நிற்கும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் குறைந்தது அரை மணி நேர வேக நடையும், சர்க்கரையும் கொழுப்பும் குறைத்த சாப்பாடும் கடைப்பிடிக்கச் சொல்லப்பட்டவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. என்னை மிகவும் கவர்ந்தது அதிலுள்ள சிறு குறிப்பு: உடல் உழைப்பு உள்ள வேலை பார்ப்பவர்களையும், அன்றாடம் அரை மணிக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் புதிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை, செய்வதைத் தொடருங்கள் என்றார்கள். பிழைப்பில் இருக்கும் அசைவையும் அசைவாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். தஞ்சாவூர்க் கண்டக்டர் அந்த ஆய்வில் இருந்திருந்தால் ஏணியில் ஏறிக்கொண்டே இரும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நடக்கச் சொல்லப்பட்டவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். வெந்தயமும் வாக்கிங்கும் போதும் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் படுத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நோய் வந்தவர் நடக்கட்டும், உப்பைக் குறைக்கட்டும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

சென்னையில் கண்டக்டர் இப்போது பெரும்பாலும் பின்படி அருகே தன் சீட்டில் இருக்கிறார். கூட்டத்தில் அவரால் நகர முடியாது. காசு கை மாறிப் போகிறது, டிக்கெட் கை மாறி வருகிறது. வீட்டுக்கு லிஃப்ட் வந்துவிட்டது, மளிகை கதவைத் தட்டுகிறது. உடம்பு அசைவதற்கு இருந்த சின்னச் சின்னக் காரணங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அவை போன இடத்தில் மன உறுதியை வைக்கச் சொல்கிறோம். காலை ஐந்தரைக்கு எழுந்து ஷூ மாட்டுகிற உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அது வாய்க்காதவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஏழைகளின் வாசலுக்கே வருகின்றன. பெரிய காரியம் அது. 2023இல் மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கிலோமீட்டர் நடைபாதைகளும் குறித்தார்கள். ஆனால் அரை மணி நடக்கச் சொல்லப்பட்ட அறுபது வயது அம்மா பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போய் நடக்க மாட்டார். அவருக்குத் தன் தெருவில் இடம் வேண்டும். அங்கே நடைமேடை மேல் டிரான்ஸ்பார்மர், பைக், கடைப் பலகை, மூடியில்லாத வடிகால், இருட்டினால் நாய். அடுத்த முறை வார்டு கவுன்சிலர் உங்கள் தெருவுக்கு வந்தால் குடிநீர், தெருவிளக்கு என்ற பட்டியலில் நடைமேடையையும் சேர்த்துக் கேளுங்கள். மனுவாக எழுதி, தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.