தஞ்சம் கேட்பவருக்கு ஒரு வழக்கறிஞர்
2014-இல் ஆஸ்திரேலிய அரசு, விசா இல்லாமல் படகில் வந்து தஞ்சம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சட்ட உதவி நிதியை நிறுத்தியது. பிறகு, 2017 அக்டோபர் 1-க்குள் மனு தராவிட்டால் வாய்ப்பே இல்லை என்று கெடு விதித்தது. ஈழத் தமிழர் உட்பட ஆயிரக்கணக்கானோர் நீண்ட ஆங்கிலப் படிவத்தோடு தவித்தபோது, மெல்பனிலும் சிட்னியிலும் கைகொடுத்தவர்கள் தன்னார்வ வழக்கறிஞர்கள். இதை வெறும் இரக்கம் என்று நான் கருதவில்லை. சரியான தீர்ப்புக்கே இது அடிப்படை. ஏனெனில், முதல் மனுவில் விட்டுப்போன தகவலை மறுஆய்வில் சேர்ப்பது அன்றைய தஞ்ச நடைமுறையில் மிகக் கடினமாக இருந்தது.

இந்த வழக்கறிஞர்கள் பொய்க் கோரிக்கைகளுக்குத் துணைபோகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால், ஆதாரங்களைத் தேதிவாரியாக அடுக்கும்போது பொய்தான் முதலில் வெளிப்படும். வலுவில்லாததை வலுவில்லை என்று சொல்வதும் வழக்கறிஞரின் கடமை. இவர்களால் காலதாமதம் ஆகிறது என்றும் சொல்வார்கள். உண்மையில், அரைகுறை மனுவும் அவசர முடிவும்தான் வழக்கை நீதிமன்றப் படியேற்றுகின்றன. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் தவறாகத் திருப்பி அனுப்பிவிட்டால், அதைத் திருத்த எந்த மேல்முறையீடும் உதவாது. ஆகவே, சட்ட உதவி தரும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும். தன்னார்வலர் தோளிலேயே விட்டுவிடக் கூடாது.