மஞ்சள் விளக்கும் சொண்டா லம்ப்டாவும்

பலெர்மோவுக்குப் புதிதாக வந்து பழைய கார் வாங்கும் எங்கள் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். கரீனிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை.

என்னுடையது பழைய பியற் புந்தோ. கிட்டவுள்ள தெர்மினி இமெரேசே தொழிற்சாலையிலும் ஒரு காலம் புந்தோ செய்தார்கள். 2011 இல் பியற் அதைப் பூட்டிவிட்டது. போன மாரியில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியது. பெற்றோலும் கூடக் குடித்தது. இரவு வேலை முடிந்து வர பஸ் இல்லை. ரெவிசியோனேக்கும் தவணை வந்துவிட்டது. (புதுக் காருக்கு நாலு வருசத்தில், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை. புகையையும் அளப்பார்கள்.)

ஒரு கராஜில் கம்பியூட்டரைக் கொழுவினார்கள். 'பி 0171' என்று காட்டியது. கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்பது அதன் பொருள். "சொண்டா லம்ப்டா போய்விட்டது" என்றார்கள். சொண்டா லம்ப்டா என்பது புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர். பிள்ளையின் செலவுக்கு வைத்திருந்த காசில் புதிது போட்டேன். மூன்றாம் நாள் அதே விளக்கு.

ஊரில் கராஜ் வைத்திருந்த அண்ணர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஏ போர்ட்டி ஓட்டின ஆள். அவர் சொன்னார்: "தம்பி, அது பெற்றோலை மணந்து பாக்கிறேல்லை. ஒட்சிசனை மட்டுந்தான் பாக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கார் போன்றவற்றில் எஞ்சின் சூடானதும் முன் சென்சர் 0.1 இலிருந்து 0.9 வோல்ற் வரை ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்சிசன் கூடினால் கீழே நிற்கும். என்னுடையது 0.1 இலேயே நின்றது. அண்ணர் காற்றுப் போகும் குழாயில் கொஞ்சம் எரிவாயு விட்டார், உடனே 0.9 க்குப் பாய்ந்தது. (வீட்டில் செய்யாதீர்கள், நெருப்புப் பிடிக்கும்.) ஆகவே சென்சருக்கு உயிர் இருக்கிறது. அப்படியானால் இந்த ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது? ஒரு பிளக் எரியாவிட்டாலும் அந்தச் சிலிண்டரின் காற்று அப்படியே வெளியே வரும். பெற்றோல் தாராளமாக இருந்தும் சென்சர் குறைவென்றே காட்டும். என் பிளக்குகள் நல்லவை.

அடுத்த நாள் காலை எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்ராட் பண்ணி, புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் அடித்தார். நுரை கிளம்பியது. பக்கத்தில் கரி படிந்திருந்தது. கஸ்கெட் வெடித்து, அந்த ஓட்டையால் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. அதை நம்பிக் கம்பியூட்டர் சும்மா சும்மா பெற்றோலைக் கூட்டியிருக்கிறது.

கஸ்கெட் சில இயூரோதான். மாற்றியபின் கழற்றிய பழைய சொண்டாவையே பூட்டிப் பார்த்தார். ஒழுங்காக ஏறி இறங்கியது. ரெவிசியோனேயும் பாஸ்.

பாவித்த சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். புதுச் சொண்டா அலுமாரிக்குள் கிடக்கிறது. அது தேவையே இல்லாமல் வாங்கியது என்று மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறியப்போகிறா.