ராமர் போட்ட போர்

ராமேஸ்வரத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க மூன்று விஷயம் தேவை. ஒரு வேன், ஒரு கைடு, இரண்டு செட் மாற்று வேட்டி. மூன்றாவதைக் கொண்டு வராதவர்கள் நாள் முழுக்க ஈரத்தோடு தீவை வலம் வருவார்கள். எங்கள் வேனில் அப்படி நாலு பேர் நடுங்கிக் கொண்டிருந்தார்கள்.

கைடுக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி, கையில் செல்போன், வாயில் ராமாயணம். "காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா, சாயந்திரம் ஆறுக்குள்ள விபீஷணன் பட்டாபிஷேகத்தை முடிச்சிருவேன் சார்" என்றார். கம்பருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு தேவைப்பட்டது. நம்மாள் டிபன் டயம் உட்பட பன்னிரண்டே மணி நேரத்தில் முடிக்கிறார்!

முதலில் அக்னி தீர்த்தம். அதாவது கடல். முழுக்குப் போட்டு, வாயெல்லாம் உப்போடு கோயிலுக்குள் ஓடினால், உள்ளே 22 தீர்த்தங்கள். கிணற்று மேல் வாளியோடு ஆள் நிற்கிறார். தலையில் ஒரு வாளி. அடுத்த கிணற்றுக்கு ஓட்டம். அங்கே ஒரு வாளி, மறுபடி ஓட்டம். 1,212 தூண்கள் கொண்ட பிரகாரத்தை உலகமே வந்து அண்ணாந்து பார்க்கிறது. நாங்கள் பார்த்தது முன்னால் ஓடியவரின் ஈர முதுகைத்தான்.

நாலாவது கிணற்றில்தான் எனக்கு உறைத்தது. வாய்க்குள் போன தண்ணீர் கரிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் கடல். இது எப்படி?

"கோடி தீர்த்தம் இருக்கே சார், அது ராமர் வில்லு நுனியால தரையை அழுத்தி வரவழைச்சது. லிங்கத்துக்கு அபிஷேகம் பண்ணத் தண்ணி வேணுமில்ல?" என்றார் கைடு.

அடுத்து தங்கச்சிமடம் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள்ளேயே ஒரு கிணறு. சின்னப் பாலத்தில் நடந்து போய் இறைத்துக் குடித்தால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்ததாம். ராமர் வில்லை ஊன்றினாராம். அப்புறம் தனுஷ்கோடி ரோட்டில் ஜடா தீர்த்தம். யுத்தம் முடிந்து ராமர் சடைமுடியை அலசிய இடம் என்கிறார்கள். அங்கேயும் தண்ணீர்தான் கதை.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இந்தத் தீவைப் பொறுத்தவரை ராமர் போருக்கு வந்தவர் மட்டுமல்ல. போர் போட வந்தவரும்கூட!

சிரிக்காதீர்கள். நாலு பக்கமும் உப்பு சூழ்ந்த மணல் திட்டில், எங்கே தோண்டினால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் உயிர் போகிற கேள்வி. அதற்கு யாரோ பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மறந்து போகாமலிருக்க ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பேரும், ஒரு கதையும், ஒரு பாவவிமோசனமும் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஞ்ஞானமும் இதற்கு ஒரு கதை சொல்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்குகிறது. நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். அதனால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் தலை மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அதுவே இருக்குமாம். ஆஹா, எப்பேர்ப்பட்ட வட்டி என்று நினைப்பீர்கள். நான் படித்தது பி.காம். இந்த மாதிரி வட்டிக்குப் பின்னால் ஒரு கண்டிஷன் இருக்கும் என்று தெரியும். மேலே ஒரு அடி குறைந்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். மழை டெபாசிட், வாளி வித்டிராயல். ஓவர்டிராப்ட் வாங்கினால் கடல் வந்து கணக்கை முடித்து விடும்.

தனுஷ்கோடி வந்ததும் கைடின் குரல் இறங்கிவிட்டது. "இங்க சொல்றது ராமாயணம் இல்ல சார்." ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறி இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்தவர்களோடு கடல் கொண்டு போனது. அதன் பிறகு இது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இடிந்த சர்ச் சுவர் நிற்கிறது.

ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். எதை நம்பி? ஓலைக் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு அக்கா அதைக் காட்டினார். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அடியில் தெளிந்த தண்ணீர். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றிக் கொண்டிருந்தார். கேட்டதும் எனக்கும் கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது.

"மோட்டார் வெச்சா சீக்கிரம் ரொம்புமேக்கா?" என்றேன்.

"மெதுவாத்தான் அள்ளணும் தம்பி. அவசரப்பட்டா ஊத்து கோவிச்சுக்கும். உப்பாயிரும்" என்றார்.

40 அடிக் கணக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை. காசு நீட்டினேன். "தண்ணிக்கா?" என்று சிரித்துவிட்டுக் குடத்தை இடுப்பில் தூக்கிக் கொண்டார்.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. கார், வேன், பஸ் என்று கூட்டம் அலைமோதுகிறது. நல்லதுதான், அந்த ரோடு இல்லாவிட்டால் நானும் போயிருக்க முடியாது. வந்தவர்கள் எல்லோரும் குளிக்கிறார்கள். குளித்ததும் உப்புப் போக மறுபடி குளிக்கிறார்கள். ராமர் ஊன்றியது ஒரு வில். இன்றைக்கு ஊன்றுகிற குழாய்களை யார் எண்ணுவது?

சொன்ன சொல் தவறாமல், ஆறு மணிக்குள் கோதண்டராமர் கோயிலில் விபீஷணனுக்கு முடிசூட்டிவிட்டு விடைபெற்றார் கைடு. ராத்திரி ரயிலுக்கு முன் இன்னொரு குளியல் போடலாமென்று லாட்ஜில் ஷவரைத் திருப்பினேன். உதட்டில் பட்ட தண்ணீர் லேசாகக் கரித்தது.

ரூம் பாயிடம் கேட்டேன்.

"கவலைப்படாதீங்க சார். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வரும். மோட்டார் நிக்கவே நிக்காது" என்றான், பெருமையாக.