மூட்டை கட்டிய கதை

ஒரு குடும்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ப்பது இலேசான காரியமன்று. பேராக்கில் ஒரு தோட்டத்துக் கிராணி வீட்டில் பதின்மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, ஈப்போவிலுள்ள புந்தோங்குக்குச் சென்றபொழுது இதனை நாம் நன்குணர்ந்தோம். நாம் இருந்த தோட்டம் முன்னே ரப்பர், பின்னே செம்பனை, இப்பொழுது வீடமைப்புக்கென விலையாகிவிட்டது. நிர்வாகத்தார் நம்மைப் பட்டணத்து ஆபீசுக்கு மாற்றினர். லயத்துக் குடும்பங்களுக்கு மூன்று மாதத் தவணை கொடுக்கப்பட்டது. அந்த நோட்டீசைத் தட்டெழுதி லயத்துச் சுவரில் ஒட்டச் செய்தவர் நாமே. ஆகவே, நமது சாமான்களைக் கட்ட உட்கார்ந்தபொழுது மனம் அவ்வளவு தெளிவாக இருந்ததென்று சொல்வதற்கில்லை.

ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பயின்ற பழக்கத்தால், முதலில் ஒரு ஜாபிதா தயாரித்தோம். பெட்டிக்கொரு எண், எண்ணுக்கொரு வரி. பதினாறு வரையில் ஒழுங்காகச் சென்றது. பதினேழாம் பெட்டிக்குப் ‘பலவகைச் சாமான்’ என்றெழுத நேர்ந்தது. பதினெட்டும் அதுவே, பத்தொன்பதும் அதுவே. நமது மனைவியார் அந்த ஜாபிதாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தம் வழியில் வேலையை முடித்தார். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு, சொம்புக்குள் தாளிதச் சாமான். பீங்கான் தட்டுகள் புடைவைகளுக்கிடையே. ஆட்டுக்கல்லை முதலில் ஏற்றி, அதைச் சாக்கால் மூடினாலன்றி வேறெதுவும் லோரியில் ஏறலாகாதென்பது அவர் கட்டளை. கண்ணாடிச் சாமான்களைச் சுற்ற நமது தாயார் அடுக்கி வைத்திருந்த பழைய ‘தமிழ் நேசன்’ இதழ்கள் உதவின. 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன பத்திரிகை அது. சுற்றுமுன் ஒவ்வொன்றையும் விரித்துப் படிக்க உட்கார்ந்ததில் நமக்கு ஒரு பகல் முழுதும் போயிற்று. வீடு காலி செய்பவர்கள் பழம்பத்திரிகைகளைத் தம் வீட்டு ஆண்களிடம் ஒப்படைக்காதிருப்பது நலம்.

இந்நிலையில் நமது அத்தையார் வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை புறப்படலாகாது, இராகு காலம் பார்க்க வேண்டும், பழந்துடைப்பத்தையும் கிழிந்த முறத்தையும் புதுவீட்டுக்குக் கொண்டுபோகலாகாது என்று பல விதிகளைச் சொன்னார். துடைப்பத்தைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால், அவர் அத்துடன் ஒரு பழங்காகிதக் கட்டையும் எடுத்துக் குப்பையில் வைத்தபொழுது, தாயார் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நாம் கண்டதில்லை.

காரணம் இது. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுகூறாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் வயிறெரிந்து பேசியது இதனையே. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதற்கு மாற்றாகத்தான். நமது பாட்டியார் இருந்த தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வரவில்லை. லயத்தைக் காலி செய்த நாளில், வீட்டுப் பெரியவர் ஒருவர் துடைப்பம், முறம், பழங்காகிதம் யாவற்றையும் தரித்திரமென்று சொல்லி ஒன்றாகக் கொளுத்தினாராம். எரிந்தவற்றுள் பாட்டியார் பிறந்ததற்கான சீட்டும் ஒன்று. அஃது ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் எவருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

1969-ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்றாயிற்று. பல்லாயிரவர் ‘ரஜூலா’ கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போயினர். பாட்டியார் போகவில்லை. இந்த மண்ணில் பிறந்தவர், இங்கே பிறந்தேனென்று காட்டக் காகிதமின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து 2011-இல் காலமானார். அறுபது வயதுக்கு மேற்பட்ட சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்கு மலாய்த் தேர்வின்றிக் குடியுரிமை அளிப்பதென்று அரசாங்கம் அறிவித்தது 2018-இல்.

பாட்டியார் கதையை நாம் பலமுறை கேட்டதுண்டு. அன்றுதான் ஒன்று உறைத்தது. அத்தோட்டத்தில் அச்சீட்டை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருப்பார், அவர் கிராணி. அவரிடம் எவரும் கொண்டுபோகவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே லயத்துக்குச் சென்று, காகிதம் எதையும் எறிய வேண்டா, கொண்டுவந்து காட்டுங்களென்று வீடு வீடாகச் சொன்னோம். ஞாயிறு இரவு ஆறேழு குடும்பத்தார் வந்தனர். பெரும்பாலும் மின்சாரப் பில்லும், தவணைக்கு வாங்கிய தொலைக்காட்சியின் ரசீதும், ஊசி போட்ட அட்டைகளுமே. கடைசியாக ஒரு முதியவர் பிளாஸ்டிக் பையொன்றைத் திண்ணையில் கவிழ்த்தார்.

“ஐயா, எது வேணும், எது வேணாம்னு பிரிச்சுக் குடுங்க. வேணாததைக் கொளுத்திடறேன்” என்றார்.

“கொளுத்தாதீங்க தாத்தா. இருங்க” என்றோம்.

அவருடைய பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் அதில் இருந்தது. குடியுரிமை என்ற வரிக்கெதிரே, குடிமகளல்லள் என்று மலாயில் அச்சிட்டிருந்தது. அப்பெண்ணுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு நிறைகிறது. அடையாள அட்டை எடுக்கும் வயது. தகப்பன் குடிமகன், தாய் குடிமகளல்லள். கோயிலில் தாலி கட்டியது மெய்யே. ஆனால், 1982 மார்ச்சு 1 முதல் முஸ்லிமல்லாதார் திருமணத்திற்குப் பதிவு கட்டாயம். குழந்தை பிறந்தபொழுது பதிவாகியிருக்கவில்லை. அப்படிப் பிறந்த குழந்தைக்குச் சட்டம் தாயின் நிலையையே பார்க்கிறது.

இதில் நமக்கொரு பங்குண்டு. ஐந்து வருஷத்துக்கு முன், பள்ளியில் சேர்ப்பதற்காக அந்தச் சான்றிதழை ஆபீசில் நகலெடுத்துக் கொடுத்தவர் நாம். பெயரைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், அவ்வரியைப் பார்க்கவில்லை. முதியவரிடம் அதையும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறுமி சான்றிதழை வாங்கி அவ்வரியைத் தானே உரக்கப் படித்தாள். அவளுக்கு மலாய் நம்மைவிட நன்றாக வருகிறது.

திங்கட்கிழமை காலைக்குப் பேசியிருந்த லோரியை நிறுத்தினோம். மனைவியார் கட்டிய மூட்டையை அவிழ்த்துச் சோற்றுக்குண்டானை வெளியே எடுத்தார். நாம் முதியவர் குடும்பத்தாரோடு ஈப்போப் பதிவிலாகாவுக்குச் சென்று மாலை மூன்று மணி வரையில் காத்திருந்தோம். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி விண்ணப்பம் வாங்கிக்கொண்டனர். பதில் இன்னும் வரவில்லை.

லோரி செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி கழித்துத்தான் வந்தது. செவ்வாயுமாயிற்று, இராகு காலமுமாயிற்று. அத்தையார் நம்மோடு பேசவில்லை. தாயார் முன்னாசனத்தில் ஒரு மைலோ டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நமது வீட்டுக் காகிதங்கள் யாவும் அதில் இருந்தன. முதியவரின் விண்ணப்ப ரசீதின் நகலொன்றும் இருந்தது. புந்தோங் வீட்டில் பால் காய்ச்ச அடுப்பைத் தேடினோம். பதினேழாம் பெட்டியில் அஃது இல்லை, பதினெட்டிலும் இல்லை.