கண்டதைக் கூறுக

இரவில் எழும் இனந்தெரியாத குரல்கள், வயல்வெளியிலே தோன்றி மறையும் ஒளிகள், எவரும் நேரிற் பார்த்திராத உயிர்கள் என்பவற்றைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். ஒரு கட்சியார், "பேய்தான்; ஐயமே வேண்டாம்" என்பர். மற்றைக் கட்சியார், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று நகைப்பர். இவ்விரு கட்சியாருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கண்டவன் எதனைக் கண்டான், எப்பொழுது கண்டான், எத்துணைத் தொலைவில் நின்று கண்டான் என்று இருவருமே வினவுவதில்லை. அவன் வாய் திறக்குமுன்னரே இருவரிடத்தும் முடிவு ஆயத்தமாக இருக்கின்றது.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எமக்கு இது பொழுதுபோக்கு விவாதமாகத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தான் கண்டதைச் சொல்லும்போது பெற்றாரும் ஆசிரியரும் எவ்வாறு செவி கொடுக்கின்றனரோ, அதனைப் பொறுத்தே அப்பிள்ளை நாளை எதனைச் சொல்லும், எதனை மறைக்கும் என்பது அமைகின்றது. எமக்கு நேர்ந்த சில அநுபவங்களை வாசகர்முன் வைப்பதும் அதன் பொருட்டே.

முதலாவது, மட்டக்களப்பு வாவி பற்றியது. அந்நாட்டை 'மீன் பாடும் தேன்நாடு' என்று புகழாதார் இலர். ஆயினும், "மீன் பாடுவதை நீர் கேட்டதுண்டோ?" என்று வினவினால், கேட்ட ஒருவரைத் தமக்குத் தெரியும் என்றே பலரும் விடையிறுப்பர். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம் பெற்று அங்குச் சென்ற எமக்கு, அதனை எம் செவியாலேயே கேட்டறிய வேண்டும் என்னும் அவா உண்டாயிற்று.

எமக்கு முன்னரே அவ்வாறு அவாவியவர் ஒருவர் இருந்தார். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் என்பவர், 1848 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவு எழுந்த இரவொன்றில் மீனவருடன் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். 1859 இல் வெளிவந்த தமது நூலிலே அதனைக் குறித்தும் வைத்தார். கண்ணாடி மதுக்கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் அதிர்வுக்கு அதனை அவர் ஒப்பிட்டார். வியப்பு யாதெனில், பாடுவது மீன் என்று அன்றைய மீனவர் அவருக்குக் கூறவில்லை. பாடுவது ஊரி என்றே கூறினர். நீரடியிற் கிடந்த ஊரிகளை எடுத்துக் காட்டவும் செய்தனர். மீன் பாடும் நாடு என்று இன்று நாம் பெருமை பேசும் நாட்டிலே, வாவியோடு வாழ்ந்தவர்கள் அன்று பாட்டை வேறோர் உயிருக்கு உரியதாக்கியிருந்தனர். ஒலியைப் பற்றி எவருக்கும் மாறுபாடு இல்லை. பாடுவது எது என்பதிலேதான் மாறுபாடு.

யாம் சென்றது ஒரு பூரணை இரவு. 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்துக்கும் 2013 இல் அதன் அருகே திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் சற்று அப்பால், வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் எம்மைத் தம் தோணியில் அழைத்துச் சென்றார். போர் 2009 இல் ஓயும்வரை இரவிலே வாவியில் இறங்குவதற்குப் பல காலம் வழியில்லாதிருந்தது என்றும், தம் மக்கள் பாட்டைக் கேளாமலே வளர்ந்துவிட்டனர் என்றும் அவர் வருந்தினார். நள்ளிரவு கடந்து, பாலத்தின்மீது வண்டிகளின் இரைச்சலும் அடங்கிற்று. அவர் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையை எம் காதோடு பொருத்தி, "வாத்தியார், மூச்ச அடக்கிக் கேளுங்க" என்றார்.

சிறிது நேரம் எம் நெஞ்சின் துடிப்பையன்றி வேறொன்றும் கேட்டிலோம். பின்னர், தம்புராவின் நரம்பொன்றை மெல்லத் தீண்டி விட்டாற்போல ஒரு முழக்கம் கீழிருந்து எழுந்தது. அதனோடு அதனினும் மெல்லிய வேறு குரல்கள் சேர்ந்தன. தோணி அசைந்தபோது அவை நின்றன. தோணி அமைந்தபோது மீண்டும் தொடங்கின. பாறைகள் உள்ள இடத்தை விட்டு அகன்றதும் யாதும் கேட்கவில்லை. யாம் கேட்டது இவ்வளவே.

மீன்களுக்குக் குரல் உண்டு என்பதில் இன்று ஐயமில்லை. கத்தாளை இனத்து மீன்கள் தம் காற்றுப்பையை அதற்குரிய தசைகளால் அதிரச் செய்து ஒலி எழுப்புகின்றன. கெளிற்று மீன், செட்டையின் முள்ளை அதன் பொருத்திலே உராய்ந்து ஒலிக்கின்றது. கீச்சான் என்று நம் முன்னோர் ஒரு மீனுக்குப் பெயரிட்டதும் அதன் கீச்சொலி பற்றியே என்று எண்ண இடமுண்டு. எனினும், அன்றிரவு எம் காதில் விழுந்த பாட்டை இன்ன உயிரே பாடிற்று என்று உறுதி கூற எவராலும் இயலாது. மீனவரும் அதனை உறுதியாகக் கூறவில்லை. காற்று இல்லாத இரவு, அசைவற்ற நீர், பாறையுள்ள இடம் என்று கேட்பதற்குரிய நிலைமைகளையே வரிசைப்படுத்திக் கூறினார். பட்டம் பெற்ற பலரிடம் யாம் காணாத நிதானத்தை அவரிடம் கண்டோம்.

இரண்டாவது அநுபவம் இத்துணை இனிமையானதன்று. அம்பாறை மாவட்டத்தின் மேற்கே, காட்டோரக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த சிங்கள நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு இரவுகள் தங்கியிருந்தோம். முதல் நாள் நள்ளிரவில், கழுத்து நெரிக்கப்பட்ட ஒருவரின் கூக்குரல் போல ஓர் அலறல் காட்டினுள்ளிருந்து எழுந்தது. மும்முறை எழுந்து, ஒவ்வொரு முறையும் உயர்ந்து, திடீரென அறுந்துவிட்டது. வீட்டிலிருந்த மூதாட்டியார் எழுந்து சாளரத்தை அடைத்து, விளக்கைத் தணித்தார்.

மறுநாட் காலையில் நண்பர் அதன் கதையைக் கூறினார். மனைவிமீது ஐயங்கொண்ட கணவன் ஒருவன், அவள் இல்லாத வேளையில் குழந்தையைக் கொன்று கறி சமைத்து அவளுக்கே பரிமாறினான். உணவிலே பிஞ்சு விரலொன்றைக் கண்ட தாய், பித்துப் பிடித்தவளாய்க் காட்டினுள் ஓடி ஒரு பறவையானாள். சிங்கள மக்கள் அதனை 'உலமா' என்பர். அக்குரல் கேட்ட ஊரில் சாவு நிகழும் என்பது நம்பிக்கை.

இரண்டாம் இரவும் அக்குரல் எழுந்தது. ஆனால், முதல் நாள் கேட்டது ஓர் அலறலாக மட்டும் இருந்தது. இப்பொழுது கேட்டதோ ஒரு தாயின் அலறலாக இருந்தது. அதனுள்ளே பெயர் சொல்லி அழைப்பது போன்ற ஓசை கூட எமக்குப் புலப்பட்டது. பறவை மாறவில்லை, காடு மாறவில்லை. இடையிலே கதையொன்று எம் காதினுள் நுழைந்திருந்தது. செவி தனியே கேட்பதில்லை; உள்ளத்தில் இருப்பதையும் சேர்த்தே கேட்கின்றது என்பதை அன்றுபோல் என்றும் யாம் உணர்ந்ததில்லை.

இக்குரலுக்கு உரிய பறவை எது என்று நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. கொண்டையுடைய காட்டுக்கழுகு என்றோரும் உளர். பக்கிப் பறவை என்றோரும் உளர். வயிற்றிலே புள்ளிகளையுடைய பெரிய காட்டாந்தையே அது என்பது இன்று பறவை நூலார் பலரின் கருத்து. நம் ஊர்களிலும் ஆந்தை அலறினால் சாவு என்று அஞ்சிக் கல்லெறிவார் உளர். வயலில் நெல்லைத் தின்னும் எலியை இராமுழுதும் வேட்டையாடும் பறவைக்கு நாம் தரும் கூலி அதுவோ!

மூன்றாவது அநுபவம் எம் வகுப்பறையில் நிகழ்ந்தது. 'மறக்கவியலாத ஓர் இரவு' என்னும் பொருளில் கட்டுரை எழுதுமாறு பத்தாந் தர மாணாக்கரைப் பணித்திருந்தோம். படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன், தந்தையாருடன் வயற்காவலுக்குச் சென்ற இரவிலே, சதுப்பு நிலத்தின்மேல் நீல ஒளியொன்று மிதக்கக் கண்டதாக எழுதியிருந்தான். அதனை வாசித்தபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. "கொள்ளிவாய்ப் பேய்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கூவினான். அம்மாணவனின் முகம் சுருங்கிவிட்டது.

யாம் சிரிப்பை அடக்கிவிட்டு அவனை வினவத் தொடங்கினோம். ஒளி நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது? முழங்கால் அளவு என்றான். காற்று இருந்ததா? இல்லை என்றான். எவ்வளவு நேரம் நின்றது? தந்தையார் ஒரு சுருட்டுப் புகைத்து முடிக்கும் அளவு என்றான். அருகிற் சென்றீர்களா? சென்றபோது அது அணைந்துவிட்டது. அவ்விடத்துப் புல் கருகியிருக்கவில்லை என்றான். இறுதியாக, "அப்படியானால் அது பேயா?" என்று கேட்டோம்.

"அது தெரியாது, சேர். வெளிச்சத்தைக் கண்டது மட்டுந்தான் தெரியும்" என்றான் அவன்.

வகுப்பிலே இப்பொழுது எவரும் சிரிக்கவில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரை அழைத்து வந்தோம். 1776 இல் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா, மகியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேர்த்து, அவ்வாயு தீப்பற்றி எரியக் கண்டதை நண்பர் விளக்கினார். அதுவே மெதேன் வாயு. அது தானாகப் பற்றுவதில்லை. அழுகும் பொருள்களிலிருந்து எழும் பொசுபரசு கலந்த வாயுக்கள் காற்றுப் பட்டதும் தாமே எரிந்து அதனைக் கொளுத்தக்கூடும் என்பது பாடநூல் தரும் விளக்கம். அம்மாணவன் எழுந்து, "எரிந்தால் புல் ஏன் கருகவில்லை, சேர்?" என்றான். அவ்வொளி வெப்பமற்றதாகத் தோன்றுவது ஏன் என்பது விஞ்ஞானிகளும் ஆராயும் வினாவே என்று நண்பர் மகிழ்ந்து கூறினார். பேய் என்று அஞ்சி ஓடியிருந்தாலும், பொய் என்று நாணி மறைத்திருந்தாலும் அவ்வினா பிறந்திராது.

அன்று வகுப்புக் கலைந்தபின் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். தம் வீட்டுக் கிணற்றடி வேலியோரத்தில் சில இரவுகளாக வெள்ளை உருவம் ஒன்று நிற்பதாகக் கூறினாள். அது முனி என்றும், எவரிடமும் சொல்லலாகாது என்றும் அம்மம்மா கையில் நூல் கட்டிவிட்டிருந்தார். யாம் அவளையும் அவ்வாறே வினவினோம். நாய் குரைத்ததா என்றதற்கு, முதல் நாள் குரைத்தது, பின்னர் குரைக்கவில்லை என்றாள். அன்று மாலையே அவளுடைய தந்தையாரைக் கண்டு பேசினோம். மறுநாட் காலையில் வேலியடியைப் பார்த்தவர் அங்கே செருப்புத் தடமும் பீடித் துண்டுகளும் கிடக்கக் கண்டார். முனிகள் பீடி புகைப்பதாக எந்தப் புராணமும் கூறவில்லை. அயலவர் கூடி இரண்டு இரவு காவலிருந்தனர். அந்த 'முனி' அதன்பின் வரவில்லை. அப்பிள்ளை நூலோடு மௌனமாக இருந்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை யாம் எண்ணவும் விரும்பவில்லை.

கண்டதைக் கண்டபடி சொல்லுதல் எளிய செயல் போலத் தோன்றும். போர்க்காலத்திலே வளர்ந்த எம் தலைமுறையினர், கண்டதைக் காணாதது போலவும், கேட்டதைக் கேளாதது போலவும் இருக்கப் பழகிக்கொண்டோம். உயிர் தப்புவதற்கு அன்று அதுவே வழியாக இருந்தது. அப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் முதுசமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆதலால், பெற்றோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பிள்ளை இருளிலே எதையோ கண்டேன் என்று ஓடிவந்தால், நூலும் கட்டவேண்டாம், நகைக்கவும் வேண்டாம். அருகில் அமர்த்தி, முதலிற் சிறிது தண்ணீர் கொடுங்கள். பின்னர், "என்ன கண்டாய்? எவ்விடத்தில்? எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். இயலுமாயின் விளக்கை எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் அவ்விடத்துக்குச் சென்று பாருங்கள்.