பனிமலையில் ஒரு தீவகத்துப் பெண்

எங்கள் ஊர் அல்லைப்பிட்டி. பிட்டி என்றால் மேடு. ஆனாலும் பனையைவிட உயர்ந்த எதையும் அங்கே நாம் கண்டதில்லை. மண்கும்பான் மணற்கும்பிகளில் சறுக்கி விளையாடியதுதான் எங்கள் மலையேற்றம்.

கடந்த மாசியில் சுவிற்சர்லாந்திலுள்ள பெறாமகள் என்னை டாவோஸ் மலைக்கு அழைத்துப்போனாள். அந்த ஊரிலுள்ள ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பனிச்சரிவு அறிவித்தல் தருகிறது. ஆபத்துக்கு 5 படிகள். அன்று 3.

"நடுவிலைதானே பிள்ளை, போகலாம்" என்றேன்.

"இல்லைப் பெரியம்மா, 4, 5 எண்டால் சனம் வெளிக்கிடாது. 3 எண்டால் துணிஞ்சு போகும். செத்த ஆக்களிலை பாதிப்பேர் வரையில் இந்த 3இலைதான்."

30 பாகைக்கு மேல் சரிந்த இடமே பெரும்பாலும் ஆபத்தானது. காய்ந்த மணற்கும்பியும் ஏறக்குறைய அந்தச் சரிவில்தான் நிற்கும். ஆனால் மணல் பொலபொலவென்று உதிரும். வெண்பனி பலகையாக உடையும். தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் பொருக்குப்போலப் பளிங்குகள் வளரும். அதன்மேல் புதுப்பனி விழ, அந்தப் பலவீனமான படை உள்ளே மறைந்துவிடும். வேலிக்கு மறுபக்கம் காற்று மணலைக் குவிப்பதுபோல, மலைமுகட்டின் மறைவில் பனியையும் குவிக்கும். அங்கே ஒருவர் கால்வைத்தாலே போதும். அகப்படுபவர்களில் பெரும்பாலானோர் தாமோ தம் கூட்டாளிகளோ கிளப்பிய சரிவில்தான் அகப்படுகிறார்கள். கடந்தே ஆகவேண்டுமானால் ஒவ்வொருவராகக் கடப்பார்கள். மற்றவர்கள் பார்த்து நிற்பார்கள். புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்.

அண்மையில் சரிந்த இடம் பக்கத்தில் தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை என்றாள். அது எனக்குப் புதிதல்ல. 2006 மே மாதம் ஊரில் கொலைகள் நடந்தபின் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போனபோது, எங்களுக்கு அறிவித்தல் தர யாரும் இருக்கவில்லை. முன்னே போனவர் போய்ச் சேர்ந்தாரா, எதிரே பஸ் வருகிறதா, நாய்கள் ஏன் குரைக்கின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் நடந்தோம்.

மரங்கள் முடியும் இடத்தில், காலடியில் 'வும்' என்று ஓர் அமுங்கிய சத்தம். உள்ளே படை இடிந்த சத்தம் அது. பெறாமகள் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிட்டாள். இரண்டு மணித்தியாலம் ஏறியது வீணென்று அவள் முகத்தில் ஒரு துளி வருத்தமும் இல்லை.

பிறகு ஏரிக்கரைப் பாதையில் நடந்தோம். மாலை 5 மணி அறிவித்தலில் மறுநாளுக்கும் 3 என்றே இருந்தது.