எதைடா அமுக்கணும்?

கையடக்க டிஜிட்டல் காமிரா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து விடுவது மெகாபிக்ஸல் கணக்குத்தான். "இது 20 சார்!" என்பார், ஏதோ பெண்ணுக்கு 20 பவுன் போடுகிற மாதிரி.

மயங்காதீர்கள். ஆல்பத்தில் செருகுகிற 4 x 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1,200 x 1,800. பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது, இரண்டு மெகாபிக்ஸலும் கொஞ்சம் சில்லறையும்! (பி.காம். படித்ததற்கு இதுவாவது உபயோகப்படட்டும்.) மீதி 18-ல் கொஞ்சம் படத்தை வெட்டிப் பெரிதாக்க உதவும், பாக்கி எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ள.

அசல் விஷயம் உள்ளே இருக்கும் சென்ஸார். பழைய ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36 x 24 மி.மீ. மலிவு காமிராக்களில் பெரும்பாலும் சுமார் 6 x 4.5 மி.மீ.தான். 'ஒன் இன்ச் சென்ஸார்' என்பதும் நிஜத்தில் 13.2 x 8.8 மி.மீ. (இன்ச் எங்கே போச்சு என்று கேட்காதீர்கள்!) ஆனாலும் பரப்பளவு நாலு மடங்கு, அத்தனை வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். வெயிலில் எல்லாக் காமிராவும் நல்ல காமிராதான். நம் வீட்டு விசேஷங்களோ ட்யூப்லைட் அடியில்தானே நடக்கின்றன?

டிஜிட்டல் ஜூம் என்பது இட்லி மாவில் தண்ணீர் ஊற்றுவது. மாவு கூடும், இட்லி வராது. ஆப்டிகல் ஜூமை மட்டும் பாருங்கள்.

அடுத்தது வேகம். 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தைக் கேஸட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதற்குள் நம் வீட்டு வாண்டு கேக்கை வெட்டி, ஊட்டி, சட்டையிலும் பூசிக்கொண்டிருக்கும். கடைப் பையனைக் குறுக்கே நடக்கச் சொல்லி அமுக்கிப் பார்ப்பேன். முகம் விழுந்தால் பாஸ். முதுகு விழுந்தால் ஃபெயில்.

"எல்லாம் செல்போன்லயே இருக்கே சார்?" என்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் போன் ஒருத்தருடையது. அதற்குப் பூட்டு, பாஸ்வேர்டு. காமிராவோ ஆணியில் தொங்கும் வீட்டுச் சாவி மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அந்த 'யார் வேண்டுமானாலும்'தான் எனக்கு முக்கியம். எங்கள் பழைய ஆல்பங்களில் அப்பா இல்லை. ரோலில் 36 படம் என்றால் 36-ம் அவர் எடுத்ததுதான். வேறு யார் கையிலும் காமிராவைக் கொடுக்க மாட்டார். "உனக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாதுடா" என்பார். அவர் போன பிறகு சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம். கிடைத்தது ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்ப் சைஸ் முகம். பெரிதாக்கப் பெரிதாக்க, அப்பா கலைந்துகொண்டே போனார்.

அதனால் கடைசிப் பரீட்சைக்கு அம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போனேன். "எதைடா அமுக்கணும்?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அமுக்கினாள். படத்தில் என் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

பரவாயில்லை, மீதிப் பாதி இருக்கே! பில் போடச் சொல்லிவிட்டேன்.